குணமாகாதவரின் விசுவாசம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். பொன்மொழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நோயோடு வாழ நேர்ந்தவர்கள் இந்தப் பொன்மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொருளை இழந்தவனிடம் ஊர் இரக்கம் காட்டும். உடல்நலத்தை இழந்தவனிடமும் இரக்கம் காட்டும். ஆனால் நோயாளி கடவுள் நம்பிக்கை உள்ளவனாகவும் இருந்துவிட்டால், அந்த இரக்கத்தோடு ஒரு விசாரணையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. “இவ்வளவு ஜெபித்தும் ஏன் குணமாகவில்லை?” என்று நம்புகிறவர்கள் கேட்கிறார்கள். “இன்னும் ஏன் ஜெபிக்கிறாய்?” என்று நம்பாதவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் வாதிகள். நடுவில் கூண்டில் நிற்பவன் நோயாளி!

அந்தக் கூண்டில் நிற்கும் ஒருத்தியாக இக்கட்டுரையை எழுதுகிறேன். பல சமயத்தவரும் ஒன்றாகப் படிக்கும் அரசுக் கல்லூரியின் ஆண்டு மலரில் சமயப் பிரச்சாரம் எதற்கு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. யாரையும் என் சமயத்துக்கு அழைப்பதற்காக நான் எழுதவில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றே. விசுவாசம் என்பது குணமாவதற்காகக் கொடுக்கும் விலை அன்று. குணமாகாத போதும் விடாமல் பற்றிக்கொள்ளும் ஓர் உறவு. இதை உணராததால் எத்தனையோ நோயாளிகளின் மேல் நோயைவிடப் பெரிய பாரம் ஒன்று ஏற்றப்படுகிறது.

இதயத்தில் ஒரு கதவு

என் பெற்றோர் இருவரும் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் கூலி வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆறாம் வகுப்புப் படிக்கையில் எனக்குத் தொண்டை வலியும், அதைத் தொடர்ந்து சில வாரங்களில் காய்ச்சலும் வந்தன. முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால், அதன் பிறகு முழங்கை. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்றார்கள் ஊரில். ஒன்பதாம் வகுப்பில், பள்ளி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்த பிறகுதான் ருமாட்டிக் காய்ச்சல் என் இதயத்தின் ஈரிதழ் வால்வைப் பழுதாக்கியிருக்கிறது என்று தெரிந்தது.

விலங்கியல் மாணவி என்ற முறையில் இதைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர் தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. அதை எதிர்க்கப் புறப்படும் நம் உடலின் காவற்படை, சிலரிடத்தில் ஆள் அடையாளம் தவறி, சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளே இதற்கு இலக்காகிறார்கள். மூட்டு வீக்கம் தடயமின்றிப் போய்விடும். வால்வில் விழுந்த தழும்போ போகாது. மீண்டும் அந்தக் கிருமி தாக்கினால் தழும்பு பெருகும். அதைத் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு 21 நாட்களுக்கு ஒன்று. பதினான்கு வயதில் தொடங்கியது, இப்போது இருபது. கணக்கிட்டுப் பார்த்தால் நூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஊசிக்குப் பின்பும் இரண்டு நாள் இடுப்பு வலியால் பெஞ்சில் நேராக உட்கார முடியாது. என் வகுப்புத் தோழியர் அறிவார்கள்.

இந்த ஊசி என் வால்வைச் சரியாக்கி விடாது. இருப்பது மேலும் கெடாமல் காக்கும், அவ்வளவே. வால்வு மேலும் சுருங்கினால் பலூன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். ஆக, நான் “குணமானவள்” என்று சாட்சி சொல்ல முடியாத நிலையில் இருப்பவள். ஆயினும் விசுவாசி. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்பதுதான் பலருக்கு விளங்காத புதிர்.

யோபுவின் நண்பர்கள் இன்றும் இருக்கிறார்கள்

“உன் விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கிறது” என்பது நோயுற்ற கிறிஸ்தவர் அடிக்கடி கேட்கும் சொல். “உன் வீட்டில் மறைந்த பாவம் ஏதாவது இருக்கும்” என்பது அதற்கு அடுத்தது. இந்தச் சொற்கள் புதியவை அல்ல. வேதாகமத்தில் யோபுவின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இவற்றை அங்கேயே கேட்டிருப்பார்கள்.

யோபு நல்லவன். ஆடுமாடுகளை இழந்தான், பிள்ளைகளை இழந்தான், உச்சி முதல் உள்ளங்கால் வரை பருக்கள் நிறைந்து சாம்பலில் உட்கார்ந்தான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றுதான்! வாயைத் திறந்த பிறகு, நீ பாவம் செய்திருக்க வேண்டும், அதனால்தான் இந்தத் தண்டனை என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதிட்டார்கள். கடவுளுக்காகப் பரிந்து பேசுவதாகவே அவர்கள் எண்ணினார்கள். முடிவில் நடந்தது என்ன? கடவுள் கண்டித்தது அந்த நண்பர்களைத்தான். புலம்பிய, வழக்காடிய, ஏன் ஏன் என்று கேட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாயிற்று.

பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்டபோது, இரண்டுமில்லை என்றுதான் அவர் விடை சொன்னார். அப்படியிருக்க, நோயாளியின் கட்டிலருகே நின்று பாவக் கணக்குப் பார்க்கும் அதிகாரத்தை நமக்குக் கொடுத்தவர் யார்?

எடுபடாத முள்

விசுவாசம் இருந்தால் நோய் போய்விடும் என்பது விதியானால், முதலில் தோற்றவர் பவுல் அப்போஸ்தலரே. தம் உடம்பில் தைத்த முள்ளைப் போன்ற ஒரு துன்பம் நீங்க வேண்டும் என்று அவர் மூன்று முறை மன்றாடினார். முள் எடுபடவில்லை; அதைத் தாங்கும் கிருபை மட்டுமே வாக்களிக்கப்பட்டது. அவருடைய உடன் ஊழியன் துரோப்பீமு நோயுற்றான். அவனை மிலேத்து நகரில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று என்று பவுலே கடிதத்தில் எழுதுகிறார். இளைய ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலக்குறைவு. அவனுக்கு விசுவாசத்தில் குறை என்று பவுல் எழுதவில்லை. வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று, நம் வீட்டுப் பெரியவர்கள் கைவைத்தியம் சொல்வதுபோலச் சொல்கிறார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். அற்புதங்களை நம்பியவர்களின் கூட்டத்திலேயே நோயாளியும் இருந்தான், வைத்தியரும் இருந்தார், மருந்தும் இருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உப்பும் வெயிலும்

எனக்கு மூன்று வருடங்களாக ஊசி போட்டுவந்த சமயம், வெளியூர் ஊழியர் ஒருவர் எங்கள் தெருவில் ஜெபக்கூட்டம் நடத்த வந்தார். என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதுவரை நன்றிதான். பிறகு என் தாயிடம், “சகோதரி, இனிமேல் ஊசி வேண்டாம். ஆண்டவரையும் நம்பி ஊசியையும் நம்பினால் அது இரண்டு தோணியில் கால் வைப்பது” என்றார்.

கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த என் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “வெயிலு ஆண்டவரு குடுக்கிறதுதான் ஐயா. அதுக்காவ பாத்தி கட்டாம, தண்ணி பாய்ச்சாம சும்மா ஒக்காந்திருந்தா உப்பு வெளையுமா? பாத்தி கட்டுனா வெயில நம்பலன்னு அர்த்தமா?”

அடுத்த 21-ஆம் நாள் வழக்கம்போல் முதல் பேருந்துக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வேதசாஸ்திரம் பயின்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய ஒன்றை என் தாய் பாத்தியிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டதாக நான் நினைக்கிறேன். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சையில் கண்டறிந்த பெனிசிலினும், அதைக் கண்டறியும் மனித மூளையும் கடவுளின் கொடைகள் இல்லையென்றால், வேறெதுதான் கொடை?

ஹவாய்த் தீவுகளில் மொலோக்காய் என்னுமிடத்தில், தொழுநோயாளரை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்புக்கு 1873-இல் தாமாகவே சென்று தங்கியவர் பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் டேமியன். அவர்களுக்கு வீடு கட்டினார். புண்களுக்குக் கட்டுப் போட்டார். இறந்தவர்களுக்குக் கல்லறை தோண்டினார். இறுதியில் அதே நோய் அவரையும் பற்றியது. 1889-இல் அங்கேயே இறந்தார். 2009-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் காலத்தில் தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இன்று பயன்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததே 1981-இல்தான். அந்த மருந்து டேமியன் கையில் கிடைத்திருந்தால், விசுவாசத்தின் பெயரால் அதைக் கடலில் எறிந்திருப்பாரா? தம் மக்கள் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார் அல்லவா? மருந்தில்லாத இடத்தில் விசுவாசம் தனியே நின்று தாங்கியது. மருந்துள்ள இடத்தில் அதை மறுப்பது விசுவாசமாகாது. அது கடவுளைச் சோதித்துப் பார்ப்பதே ஆகும்.

அழுவதற்கும் இடம் உண்டு

இன்னொரு வகை அன்பர்கள் உண்டு. அவர்கள் குற்றம் சாட்ட மாட்டார்கள். ஆனால் அழவும் விடமாட்டார்கள். “எல்லாம் நன்மைக்கே. சிரித்த முகத்தோடு இரு. விசுவாசி கலங்கலாமா?” என்பார்கள். நோயாளி தன் வலியோடு சேர்த்து ஒரு புன்னகையையும் சுமக்க வேண்டியதாகிறது.

சங்கீதப் புத்தகத்தில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல புலம்பல்கள். எவ்வளவு காலம் என்றும், ஏன் மறைந்துகொண்டீர் என்றும் கடவுளிடமே முறையிடுபவை. 88-ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் துன்பத்தையே சொல்லி, ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் என்று ஏற்றுத்தான் சபை தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், இந்தப் பாத்திரம் நீங்கக் கூடாதா என்று வியாகுலத்தோடு ஜெபித்தார்; சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று கதறினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்லத் துணிவாரா?

கடவுளிடம் கோபித்துக்கொள்வது கடவுளை மறுப்பதாகாது. பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டில்தான் உறவு இல்லை. சண்டை நடக்கிற வீட்டில் உறவு இருக்கிறது. இரவில் படபடக்கும் நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, “எனக்கு ஏன் ஆண்டவரே?” என்று நான் கேட்பதும் ஜெபமே.

ஒரு தோழியின் கேள்வி

எங்கள் வகுப்பில் பகுத்தறிவுக் கொள்கையில் உறுதியான தோழி ஒருத்தி இருக்கிறாள். ஊசி போட்டு வந்த நாட்களில் என் பையைச் சுமந்து வருபவளும் அவளே. ஒரு நாள் கேட்டாள்: “ஏன்டி, உலகத்தையே படைச்சவருன்னு சொல்ற. ஒரு வால்வைச் சரி பண்ண மாட்டாரா?”

நான் சொன்னேன்: “உனக்குக் காய்ச்சல் வந்தா அம்மாவைத்தானே தேடுற? அம்மாவால காய்ச்சலைப் போக்க முடியும்னா தேடுற?”

அவள் விடவில்லை. “எங்க அம்மா சர்வ வல்லமை உள்ளவங்கன்னு நான் சொல்லலையே!”

கூர்மையான மறுமொழி. அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. இருப்பதுபோல் நடிப்பது அவளுக்கும் மரியாதை அன்று, என் விசுவாசத்துக்கும் மரியாதை அன்று. ஆனால் ஒன்று சொல்வேன். நான் வணங்குவது துன்பத்துக்கு வெளியே சிம்மாசனத்தில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் கடவுளை அன்று. ஆணி துளைத்த கைகளை உடைய கடவுளை. துன்பம் ஏன் வந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. துன்பத்துக்குள் அவரும் வந்தார் என்பதே எங்கள் விசுவாசத்தின் உயிர்நாடி. இது என் தோழியின் கேள்விக்கு விடையாகாது என்பதை அறிவேன். எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கையாக அது இருக்கிறது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் பையையும் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய கேள்வியைவிட அவளுடைய தோளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கட்டிலிலிருந்து வந்த கடிதங்கள்

நோயாளி பிறர் உதவியை மட்டும் எதிர்பார்த்துக் கிடக்கும் சுமையா? இல்லை என்பதற்கு எங்கள் தென்மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். நெல்லைச் சீமையின் டோனாவூரில், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் இல்லம் அமைத்தார். ஓயாமல் ஓடித் திரிந்த அவர் 1931-இல் தவறி விழுந்து பலத்த அடிபட்டார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அறையும் கட்டிலுமே அவர் உலகமாயின.

அவருக்காக ஜெபித்தவர்கள் குறைவா? அவர் விசுவாசம் குறைவா? ஆயினும் எழுந்து நடமாடும் நலம் திரும்பவில்லை. உடல்நலமுள்ளவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் நூல்கள் நோயாளியின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்று கண்ட அவர், நோயுற்றவர்களுக்கு நோயுற்ற ஒருத்தி எழுதும் கடிதங்களாக 1933-இல் ஒரு நூலையே வெளியிட்டார். கட்டிலில் இருந்தபடியே மேலும் பல நூல்கள் எழுதினார். இன்று டோனாவூரில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் ‘அம்மை’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. குணமாகாத இருபது ஆண்டுகளும் வீணாகவில்லை. விசுவாசம் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பவில்லை. கட்டிலிலேயே அவருக்கு ஒரு பணியைக் கொடுத்தது.

யாருடைய சித்தம்?

இறுதியாக ஒன்று. “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்பது எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல். துயரத்தில் தலைசாய்க்க அது ஒரு தலையணை. ஆனால் அதுவே கண்ணைக் கட்டும் துணியாகவும் ஆகிவிடக் கூடாது.

ருமாட்டிக் இதய நோய் இன்று செல்வ நாடுகளில் அரிதாகிவிட்டது. அது நெருக்கடியான குடியிருப்புகளையும், உரிய நேரத்தில் மருத்துவம் கிட்டாத குடும்பங்களையும் தேடிப் போகும் நோய். ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீட்டில், ஒரு பிள்ளையின் தொண்டைக் கிருமி இன்னொரு பிள்ளைக்குத் தாவ எவ்வளவு நேரமாகும்? ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத தாய், வெறும் தொண்டை வலிக்காகப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா? தொடக்கத்திலேயே தகுந்த மருந்து கொடுத்திருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது, மனிதர்களாகிய நாம் செய்யத் தவறியதை அவர் தலையில் சுமத்துவதாகும். நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரிகளும், பிரசவத்தில் பெண்கள் மடிவதைக் கண்டு மருத்துவம் படித்து வந்து வேலூரில் மருத்துவமனை எழுப்பிய ஐடா ஸ்கடர் அம்மையாரும், இதுதான் கர்த்தருடைய சித்தம் என்று கைகட்டி நிற்கவில்லை. நோயை எதிர்த்து நிற்பதே அவர் சித்தம் என்று நம்பினார்கள்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலோ விடுதியிலோ, எந்தச் சமயத்தைச் சேர்ந்த நோயாளி இருந்தாலும் சரி, அவரிடம் தீர்ப்போடு போகாதீர்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள், அருகில் உட்காருங்கள். ஜெபிக்கத் தெரிந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் சீட்டு வாங்கவும் நில்லுங்கள். அவர் மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராயினும் குறுக்கே நின்று தடுங்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், தானே சரியாகிவிடும் என்று விடாமல், மருத்துவரிடம் காட்டும்படி அதன் தாயிடம் எடுத்துச் சொல்லுங்கள். படித்தவர்கள் என்று நம்மை ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு இந்த அளவாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நோயோடு வாழும் என் சக விசுவாசிகளுக்கு ஒரு வார்த்தை. குணமானால் நன்றி சொல்வோம். குணமாகாவிட்டால் குற்றவாளிகளாய்த் தலைகுனிய மாட்டோம். மருந்தை விடமாட்டோம், மன்றாட்டையும் விடமாட்டோம். குணமாகாதவரின் விசுவாசம் குறைபட்ட விசுவாசம் அன்று. கைம்மாறு கிடைக்காத போதும் விட்டுப் போகாத அன்பு அது.